மூன்றாவது மிதி

பகாவ் மேட்டில், ஒன்றேகால் டன் குலையோடு
எஞ்சின் அலறியது. வண்டி நின்றது.
நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது,
பின்னால் ஊர்ந்தது.

கியோங் எண்ணெய்க் குச்சியை இழுத்து
மூக்கருகே கொண்டுபோனான்.
"கருகிப்போச்சுக்கா. தீஞ்ச சோறு மாதிரி."
லயத்தில் பிறந்த சீனன்,
எங்களைவிட நல்ல தமிழில் திட்டுவான்.
ஆட்டோ பெட்டியைப் பிரித்துச் செய்ய
நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி.
சிரம்பான் ஹாஃப்கட் கடையில் மேனுவல் பெட்டி
ஆயிரத்து முந்நூறு, மிதிகளோடு.

நான் அவரைப் பார்க்கவில்லை.
ஆட்டோ வாங்கியதே அவருக்காக,
இடது காலைச் சர்க்கரை கொண்டுபோன வருடம்.
கிளட்ச்சுக்கு மட்டும்தானே அந்தக் கால்,
கிளட்ச்சே இல்லாத வண்டி இருக்கிறதென்று
தம்பினில் போய்ப் பார்த்து
என் சங்கிலியை அடகு வைத்து
பதினெட்டு வயது டீசலை ஓட்டி வந்தோம்.
ரெண்டு வருடம் ஓட்டினார்.
பிறகு வலது பாதமும் மரத்தது.
பிரேக் என்று நினைத்து எதையோ மிதித்தார்,
எடைமேடைக் கம்பத்தில் போய் நின்றது.
அன்றிலிருந்து ஸ்டியரிங் என்னுடையது.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அவர்தான் சொன்னார், ஸ்டூலில் உட்கார்ந்தபடி,
கைத்தடியால் தரையைத் தட்டி:
"மேனுவலே போடுடா.
அவளுக்கு ரெண்டு காலும் இருக்கு."

ஐந்து நாள்.
பெட்டியை இறக்கும்போது ரபியுலின் நெஞ்செல்லாம்
கோப்பிக் கலரில் எண்ணெய்.
மெல்லிய தகடு போய் கனத்த ஃப்ளைவீல் வந்தது.
கிராங்க் முனையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பேரிங்,
அது இல்லாமல் பெட்டி ஏறாதாம்,
கோலப்பிலா வரை மோட்டாரில் போய் வாங்கி வந்தான்.
பின்தண்டு இரண்டங்குலம் பிசகியது,
வெட்டி ஒட்டினார்கள்.
கிளட்ச் குழாய்க்கான ஓட்டை மட்டும்
முன்தகட்டில் ஏற்கெனவே இருந்தது,
ரப்பர் மூடி போட்டு.
தினமும் என் முழங்காலுக்கு எதிரே இருந்திருக்கிறது.

எல்லாம் மாட்டிச் சாவியைத் திருகினால்
ஒரு சத்தமும் இல்லை.
பாட்டரியைச் சந்தேகித்தோம். சாவியைச் சந்தேகித்தோம்.
கடைசியில் கியோங் நெற்றியில் அடித்துக்கொண்டான்.
வண்டி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது:
குச்சி 'பி'யில் இருக்கிறதா, 'என்'னில் இருக்கிறதா?
பதில் சொல்ல வேண்டிய பெட்டி
ஓரமாய்க் கோணியில் கிடக்கிறது
பழைய இரும்புக்காரனுக்காக.
இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றினான்.
பொய்தான்.
எப்போது கேட்டாலும் ஆமாம் என்று ஒரே பொய்.
எஞ்சின் நம்பிக்கொண்டது.

நான் லைசென்ஸ் எடுத்தது கான்சில் காரில்,
இருபத்தாறு வருடம் முன்பு.
பெட்ரோல் கடை வாசலில் மூன்று முறை செத்தது.
பின்னாலிருந்து ஹார்ன், ஒருவன் கையை வேறு ஆட்டினான்.
பகாவ் மேட்டை ரெண்டாவதிலேயே ஏற்றினேன்.
"மூணுக்குப் போ" என்றார்.
"கத்தட்டும்" என்றேன்.
மடித்து ஊக்கு குத்திய அவர் சிலுவாரின் இடது கால்
நான் கியர் மாற்றும்போதெல்லாம்
கொஞ்சம் முன்னே நகர்ந்தது.
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலை ராம்ப்பில் இருட்டிய பிறகுதான் தெரிந்தது,
ரிவர்ஸ் போட்டால் பின்விளக்கு எரியவில்லை.
அந்த வயரைச் சேர்க்க மறந்துவிட்டானாம்.
"பத்து நிமிச வேலைக்கா, திங்கக்கிழமை வாங்க."

கைத்தடியை முதலில் இறக்கி
பிறகு தன்னை இறக்கி
வண்டிக்குப் பின்னால் போய் நின்றார்,
கைப்பேசி வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்து.
"வா… வா… எடது ஒடி…
இன்னும் ஒரு முழம்… ஏய், போதும்!"
எடைமேடைப் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

திங்கள் மழை.
அடுத்த திங்கள் ஆள் சம்பளம்.
நேற்று கியோங் போன் செய்தான்.
குலை ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.
வண்டி வாசலில் நின்றது,
கழுவி, காலியாக.